இன்ஜினில் சூடில்லாத இடம்

"நீ அத்த தொட்டியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு—"

"நான் இன்னாத்துக்குய்யா உன் இன்ஜின தொட—"

"கேட்டதுக்கு நேரா பதில்—"

"—வூட்ல எனுக்கு வேற வேலயே இல்ல பாரு."

"—சொல்ல மாட்டியே நீ. நேத்து வரைக்கும் ஓடுச்சு இது."

"நேத்தும் இருமிக்கினுதான் ஓடுச்சு. உனுக்குத்தான் காது கேக்கல."

சண்டை போட இடம் பார்த்தார்கள் பாருங்கள். பழவேற்காட்டு ஏரிக்கு நடுவில், பனி கொட்டுகிற ஒரு தை மாதத்து விடியலில், நங்கூரம் போட்டு நின்ற ஃபைபர் படகில். பின்கோடியில் இன்ஜினைக் கட்டிப்பிடித்தாற்போல ஸ்பேனரோடு குந்தியிருந்தவன் ரஞ்சித். அவனுக்கு எதிரே குறுக்குப் பலகையில், தலைப்பால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவன் பெண்டாட்டி பானுப்ரியா. இரண்டு பேருக்கும் நடுவில் வலை குவிந்து கிடந்தது, மூன்றாவதாக ஒரு ஆள் படுத்துத் தூங்குவதுபோல.

கரை தெரியவில்லை. வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியவில்லை. லைட்ஹவுஸ் கிழக்கே இருக்க வேண்டும். இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். எங்கோ நாரைகள் கூட்டமாகக் கசமுசாவென்று பேசிக்கொண்டிருந்தன. பானுவுக்கு அதுவும் சண்டையாகத்தான் கேட்டது. அவளுக்கு எல்லாச் சத்தமும் பேச்சுதான். தண்ணீர் படகைத் தட்டினால் யாரோ கூப்பிடுவதுபோல இருக்கும். காற்று கூரைத் தகரத்தில் உரசினால் யாரோ முணுமுணுப்பதுபோல.

"ரஞ்சித்தே..." என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ஆள் இல்லாத குரல். "வர்றியா, இல்ல அங்கயே வூடு கட்டிக்கினு இருக்கப் போறீங்களா ரெண்டு பேரும்?"

வரதன். அவன் படகு முகத்துவாரத்துப் பக்கம், இவர்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் காத்திருந்தது. ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. நல்ல இடங்களுக்கு முறை உண்டு, பாடு என்பார்கள். இன்றைக்கு அந்த இடம் ரஞ்சித்தின் பாடு. ஏறுகிற தண்ணீர் நின்று, கடலைப் பார்க்கத் திரும்புவதற்குள் அவன் அங்கே கழி ஊன்றி வலை கட்டிவிட வேண்டும். இறங்குகிற தண்ணீரோடுதான் இறால் வரும். அதற்குள் போகாவிட்டால் பாடு அடுத்தவனுக்கு. அடுத்தவன் வரதன். அப்புறம் இந்த இடம் இவனுக்குச் சுற்றி வருவதற்குள் இறால் ஓட்டமே ஓய்ந்துவிடும்.

படகில் இரண்டு ஆள் இருக்க வேண்டும் என்பதும் பாடு முறையில் ஒன்று. ரஞ்சித்தோடு எப்போதும் வருகிற அவன் தம்பி தமிழ்வாணன், பொங்கலோடு துறைமுகத்தில் கேட்டுக்குக் காவல் நிற்கப் போய்விட்டான். அதனால்தான் பானு ஏறினாள்.

"கயிறு போடட்டாடா?" என்றது பனி.

"வாணாம் மச்சான். தோ, ஆச்சு."

"எனுக்கு இன்னா போச்சு. கேட்டன்ல, அப்புறம் கேக்கலன்னு சொல்லாத."

கயிறு வாங்கி இழுபட்டுப் போனால், கிடைக்கிற இறாலில் பாதி கயிறு போட்டவனுக்கு. அதுவும் முறை. வரதன் கெட்டவன் இல்லை. கேட்காமல் இருந்தால்தான் தப்பு. பானு கழியை எடுத்து ஆழம் பார்த்தாள். கழி முழுக்க இறங்கியும் தரை தட்டவில்லை; ஊன்றித் தள்ளிக்கொண்டு போகவும் வழியில்லை. இந்த ஓடை ஏரியின் வயிற்றிலேயே ஆழமான இடம். ஏறுகிற தண்ணீர் அவர்களை வந்த வழியே திருப்பித் தள்ளப் பார்த்தது. நங்கூரக் கயிறு விறைத்து நின்றது.

"இன்னொரு வாட்டி காத்து எடுக்கறன்," என்றான் ரஞ்சித்.

"எத்தினி வாட்டி எடுப்ப? உள்ள இருந்த காத்துல்லாம் எடுத்து ஏரியிலயே வுட்டுட்ட."

"கம்முனு இரு. டீசல் பைப்புல ஒரு குமிழி இருந்தா போதும். பம்பு அந்தக் குமிழியத் தள்ளிக்கினே இருக்கும், டீசலத் தள்ளாது. நின்னுடும். அன்னிக்கும் அதான்."

அன்றைக்கு என்றால் கார்த்திகையில் ஒரு நாள். அந்தப் பேச்சு வந்ததும் ரஞ்சித் குனிந்து ஸ்பேனரைத் திருகத் தொடங்கினான்.

அன்று தம்பி வராததால் அவன் தனியாகக் கடலுக்குப் போனான். பொழுது சாய்ந்து படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கரையில் நிற்கிற பெண்களுக்குப் படகைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை; சத்தம் போதும். வரதன் படகு தொண்டை கட்டினவன் மாதிரி வரும். பூபதி படகு நடுநடுவே ஒரு அடியை விழுங்கிவிடும். ரஞ்சித் படகு "வர்றன்-தோ-வர்றன்-தோ" என்று சொல்லிக்கொண்டே வரும். அப்படித்தான் பானுவுக்குக் கேட்கும். அன்று எல்லாச் சத்தமும் வந்தது. அது மட்டும் வரவில்லை. மறுநாள் உச்சி வெயிலில் யாரோ அவனைக் கட்டி இழுத்து வந்தார்கள். உதடெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நடுக்கடலில் இன்ஜின் நின்று மிதந்துபோய்விட்டேன் என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. ஏரி, ஏரி விட்டால் கரை. இன்ஜினை மட்டும் நாள் தவறாமல் பிரித்து, டீசல் பைப்பில் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான், தூங்குகிற பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிற தாய் மாதிரி.

பானு என்ன செய்தாள் என்பது அவனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

அவர்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். கடலில் எது கைவிட்டதோ, அதற்கு அம்மன் சேலையில் ஒரு கிழிசலை வாங்கிக் கட்டுவார்கள். பாய் கிழிந்தால் பாயில், துடுப்பு ஒடிந்தால் துடுப்பில். கட்டுகிறவள் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும். கட்டினதைக் கடலுக்குப் போகிறவனிடம் வாய் திறந்து சொல்லிவிட்டால் காவல் போய்விடும். கோயிலில் விளக்கு வைக்கிற முத்தம்மாள் மஞ்சள் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தபோது, "எதுல கட்டப் போற?" என்று கேட்டாள். "இன்ஜின்ல, ஆயா," என்றாள் பானு. முத்தம்மாள் கொஞ்சம் யோசித்தாள். இன்ஜினுக்கு யாரும் வாங்கினதில்லை. "எரிஞ்சிடாத இடமாப் பாத்துக் கட்டு," என்றாள்.

அந்த இடத்தைத் தேடித்தான் பானு தவித்தாள். ஒரு மாலை ரஞ்சித் இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போன சமயம், அவள் ஏறி ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தாள். தலை சுட்டது. புகைக்குழாய் கிட்டே கூடப் போக முடியவில்லை. பக்கவாட்டில் கறுப்புச் சட்டி மாதிரி ஒன்று மட்டும் மண்பானை போலச் சில்லென்று இருந்தது. கொக்கியைத் தூக்கினால் மூடி திறந்தது. உள்ளே கம்பி நார். துணியை நான்காக மடித்து அதன்மேல் வைத்தாள். "தாயே, இத்த பாத்துக்க, அவன பாத்துக்க," என்று மூடினாள். எரியாது, நனையாது, ஒருத்தன் கண்ணிலும் படாது. இன்ஜினுக்குள்ளேயே அம்மன் உட்கார்ந்த மாதிரி.

"மிஷினு சுத்தறன். லிவரப் புடி," என்றான் ரஞ்சித்.

அவள் தலைப்பக்கத்து லிவரைத் தூக்கிப் பிடித்தாள். அவன் ஹேண்டிலைச் சுற்றினான். சக்கரம் வேகம் எடுத்ததும், "வுடு," என்றான். விட்டாள். இன்ஜின் ஒரு முறை செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. வர்றன், தோ, வர்றன். பானு நங்கூரக் கயிற்றுக்குத் தாவினாள். அவன் வேகம் கொடுத்தான். சத்தம் கனத்தது, இழுத்தது, கறுப்பாகப் புகையைக் கக்கி, யாரோ வாயைப் பொத்தினாற்போல நின்றது.

புகை பனியில் கரைய நேரம் பிடித்தது.

"சொம்மா இருந்தா ஓடுது. வேகம் குடுத்தா சாவுது," என்றபடி பானு திரும்பி வந்து இன்ஜின் பக்கத்தில் குந்தினாள்.

"தெரியுது."

"மெக்கானிக் ரமேஷு இன்னா சொன்னான்?"

"நாசில் போச்சுன்னான். மாத்தியாச்சு. டீசல்ல கலப்படம்னான். வேற டீசல் ஊத்தியாச்சு. அவனுக்கு இன்னா, கடைல குந்திக்கினு சொல்லுவான்."

"அப்ப காத்துன்னாலே ஆவாதா இதுக்கு?"

ரஞ்சித் அவளை ஏதோ புதிதாய்ப் பார்ப்பவன் போலப் பார்த்தான். "காத்து இல்லாம எப்படிமே எரியும்? அடுப்பு ஊதறல்ல நீ?"

"நீதான காத்து வந்தா நின்னுடும்னு—"

"அது டீசல் பைப்புல. அங்க வரக்கூடாது. உள்ள போவணும்ல, எரியறதுக்கு? அங்க வரலன்னா அப்பவும் சாவும்."

"இன்னா ரோதன இது. வந்தாலும் சாவும், வரலன்னாலும் சாவும்."

"ஆங். உன்னாட்டம்தான். பேசினாலும் சண்ட, பேசலன்னாலும் சண்ட."

அவள் சிரித்திருப்பாள். ஆனால் தலைப்பைக் காதிலிருந்து ஒதுக்கிவிட்டு, "உள்ள எது வழியாப் போவும்?" என்று கேட்டாள்.

"தோ, உன் முட்டியாண்ட கீதே, அந்தச் சட்டி. அதுதான் அதுக்கு மூக்கு."

பானு முட்டியை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"அத்த பாத்தியா?"

"கார்த்திகையிலயே கழுவி வெச்சாச்சு. இந்தத் தண்ணியில இன்னா தூசி வரப் போவுது, புழுதியா பறக்குது இங்க?" அவன் பலகையில் சாய்ந்து, ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டான். சண்டை போடுகிற குரல் அவனை விட்டுப் போயிருந்தது. பனிக்குள் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினான். "உள்ள ஒரு வூடு கீது பானு. சின்ன வூடு. ரெண்டே கதவு. ஒண்ணு தொறந்தா காத்து உள்ள வரும். ரெண்டும் மூடிக்கும். கீழருந்து ஒருத்தன் காத்த நசுக்குவான். நசுக்கற நசுக்குல அது சூடாவும்."

"நசுக்கினா சூடாவுமா?"

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சா பம்பு சுடல? அத்த மாதிரி பல மடங்கு. அந்தச் சூட்டுல டீசலத் தூவுனா, குச்சி கிழிக்காமயே பத்திக்கும். யாரும் நெருப்பு வெக்கறதில்ல. காத்தே வெச்சிக்கும். அது தள்ற தள்ளுலதான் நம்ம படகு போவுது. அப்பால இன்னொரு கதவு தொறக்கும், புகை போயிடும்."

"போனதுக்கு அப்புறம் மறுபடி காத்து."

"போனதுக்கு அப்புறம் இல்ல. அதுதான் வேடிக்க. போறவன் இன்னும் வாசல்ல நிக்கறப்பவே வர்றவனுக்குக் கதவு தொறந்துடும். ஒரு கண்ணு மூடித் தொறக்கற நேரம், ரெண்டு கதவும் தொறந்தே இருக்கும். ரெண்டு பேரும் சேந்தாப்புல."

"நம்ம பேசறாப்புல," என்றாள் பானு.

"ஆங்."

அவள் கண்ணை மூடினாள். மூடினால் அந்த வீடு தெரிந்தது. கறுப்புச் சுவர், இரண்டு கதவு, உள்ளே வருகிற காற்று பனி மாதிரி வெள்ளையாக வந்து கொண்டிருந்தது. வாசலில் மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி குறுக்கே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தள்ளி உட்கார வேண்டும் என்று தெரியவில்லை. காவல் இருக்கச் சொன்னார்கள், இருக்கிறாள். மெதுவாக வருகிற காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டாள். வேகமாக இழுத்தால் சேலையும் சேர்ந்து வாசலில் போய் அப்பிக்கொண்டது.

அதுதான். வேறு ஒன்றும் இல்லை. பானு கண்ணைத் திறந்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கை நீட்டினால் கொக்கி. ஆனால் எடுத்தால் அவன் பார்ப்பான், கேட்பான், சொல்ல வேண்டும். சொன்னால் காவல் போச்சு. இன்ஜின் ஓடும், இன்றைக்குப் பாடு கிடைக்கும், இன்ஜின்மேல் அவனுக்கு நம்பிக்கை வந்துவிடும். நம்பிக்கை வந்தால் அடுத்தது கடல்.

"ரஞ்சித்தே," என்றது பனி. "தண்ணி தளருதுடா."

நங்கூரக் கயிறு முன்போல விறைப்பாக இல்லை. ஏறுகிற தண்ணீர் களைத்துக்கொண்டிருந்தது.

ரஞ்சித் ஸ்பேனரைத் துணியில் துடைத்து, பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினான். "தமிழு கூப்பிட்டுக்கினே கீறான்," என்றான். "கேட்டாண்ட இன்னொரு ஆள் வேணுமாம். வர்ற லாரிய எழுதணும், போற லாரிய எழுதணும். நெழல்ல குந்திக்கினு செய்யற வேலதான். போயிடறன்."

"பாடு?"

"பாட்ட வரதனுக்கு வுட்டுடலாம். இன்ஜின எவனாச்சும் எடுத்துக்கட்டும்."

பானு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இது தானாகவே வந்து மடியில் விழுந்த வரம். அவள் ஒன்றும் செய்ய வேண்டாம். கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், தண்ணீர் நிற்கிற வரைக்கும், சும்மா இருந்தால் போதும். அதன்பிறகு அவன் எந்தக் கடலிலும் மிதக்க மாட்டான். சாயங்காலம் ஆனால் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவான். கரையில் போய் எந்தச் சத்தத்துக்கும் அவள் காது கொடுத்து நிற்க வேண்டாம். இதைத்தானே அவள் அம்மனிடம் கேட்டாள். வேறு எதைக் கேட்டாள்?

"இன்னாயா கம்முனு ஆயிட்ட?" என்றாள்.

அவன் பெட்டியைக் காலால் பலகைக்கு அடியில் தள்ளினான்.

"பொண்டாட்டி வந்ததாலதான் படகு நின்னுச்சுனு சொல்லு. வரதன் அண்ணன் அதத்தான் ஊர் பூரா சொல்லப் போறாரு."

அதற்கும் பதில் இல்லை. அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிய தோளும் லேசாகப் பிளந்த வாயுமாக. அவனைக் கட்டி இழுத்து வந்த அன்றைக்கும் இப்படித்தான் படகில் உட்கார்ந்திருந்தான். கரையில் அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்க, அவன் மட்டும் யாரோ வேறு ஊர்க்காரனைப் போல.

நாரைகள்கூட ஓய்ந்துவிட்டிருந்தன. படகைத் தட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் பேசவில்லை. எல்லாம் வெள்ளையாக, எல்லாம் காது அடைத்த மாதிரி. பானுவுக்கு அந்தக் கார்த்திகை இரவு வந்து பக்கத்தில் குந்தினாற்போல இருந்தது. அன்றைக்கு அவன் இல்லாமல் சத்தம் இல்லை. இன்றைக்கு எதிரில் இருக்கிறான், சத்தம் இல்லை. எழுத வேண்டிய லாரிகளை எல்லாம் எழுதிவிட்டு, இதே பேசாத வாயோடு வந்து, இதே மாதிரி உட்கார்ந்து சோறு தின்பான். வருஷக் கணக்காக.

"திட்டுய்யா," என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"திட்டேன். என்ன நல்லா திட்டு."

"இன்னா ஆச்சு உனுக்கு?"

அவள் கொக்கியைத் தூக்கினாள். மூடியைக் கழற்றிப் பலகையில் வைத்தாள். உள்ளே விரலை விட்டு எடுத்தாள். மஞ்சள் நிறம் போய், எண்ணெயும் ஈரமும் ஊறி, கம்பி நாரின் கட்டம் கட்டமான தழும்போடு, கசங்கின வெற்றிலை மாதிரி இருந்தது. அதை அவன் முன்னால் நீட்டினாள்.

ரஞ்சித் துணியைப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான். அம்மன் சேலையின் சரிகைக்கரை ஒரு ஓரத்தில் இன்னும் மினுங்கியது. அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவன் ஒன்றும் வெளியூர்க்காரன் இல்லை.

"எப்ப வெச்ச?"

"நீ வந்த நாலாம் நாள்."

"இங்கயா வெப்ப? மூக்குலயா?"

"மத்த எடம்லாம் சுட்டுச்சு."

அவன் வாய் ஓரம் துடித்தது. கோபமா, சிரிப்பா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "மத்த எடம்லாம் சுட்டுச்சாம்," என்று அவளைப் போலவே சொல்லிக் காட்டினான். "மாசக் கணக்கா நான் பைத்தியக்காரனாட்டம் காத்த எடுத்துக்கினு கீறன், இவ காத்து வர்ற வாசல்ல சாமிய குந்த வெச்சிருக்கா. லூசு. புடி லிவர."

"சொல்லிட்டேன்யா. சொல்லக் கூடாது, சொல்லிட்டேன்."

"புடின்னு சொன்னன்ல. தண்ணி நின்னுக்கினு கீது."

அவள் ஒரு கையில் துணியை இறுக்கிக்கொண்டு மறு கையால் லிவரைத் தூக்கினாள். அவன் சுற்றினான். "வுடு." விட்டாள். இன்ஜின் எடுத்த எடுப்பில் பேசிற்று. அவன் தயங்கித் தயங்கி வேகம் கொடுத்தான். அது இழுத்தது, நன்றாக, நெஞ்சு நிறைய. தண்ணீரில் முங்கியிருந்தவன் மேலே வந்து இழுக்கிற முதல் மூச்சு மாதிரி. புகை வந்ததே தெரியவில்லை. பானு நங்கூரத்தை இழுத்துப் போட்டாள். படகு பனியைக் கிழித்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் நகர்ந்தது; ஓரிடத்தில் நூற்றுக்கணக்கான நீண்ட நாரைக் கால்கள் மட்டும் தண்ணீரில் நின்றன, மேலே உடம்பே இல்லாமல், ரோஜா நிறக் குச்சிகளாக. சத்தம் கேட்டு அவை பனிக்குள் ஏறிக்கொண்டன.

வரதன் படகு நிழலாக வந்தது. அவன் கழியைக் கையில் எடுத்து வைத்திருந்தான், ஊன்றத் தயாராக.

"வந்துட்டியா," என்றான், ஏமாற்றத்தை மறைக்காமல். "இன்னாடா ஆச்சு அதுக்கு?"

ரஞ்சித் அவளைத் திரும்பிப் பார்த்தான். "சளி," என்றான்.

"தங்கச்சி இன்னா வைத்தியம் பண்ணுச்சு?"

"மூக்கு சிந்தி வுட்டுச்சு."

வரதன் சிரித்துக்கொண்டே கழியைப் படகில் போட்டுவிட்டு விலகினான். அவன் படகுச் சத்தம் தொண்டை கட்டினவன் மாதிரியே போய்ப் பனியில் கலந்தது.

ரஞ்சித் இன்ஜினை நிறுத்தினான். இங்கே தண்ணீர் இடுப்பளவுதான். அவன் இறங்கி முதல் கழியை ஊன்றினான். பானு படகில் நின்று வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தாள். துணியை இடுப்பில் செருகியிருந்தாள். எண்ணெய் புடவையில் ஊறி வயிற்றைத் தொட்டது. அடுத்த கழி, அதற்கடுத்த கழி. வலை தண்ணீரில் நின்றது. தண்ணீரும் நின்றது. மேலே மிதந்த ஒரு பாசித் துணுக்கு எந்தப் பக்கமும் போகாமல் ஒரே இடத்தில் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெல்ல, தூக்கத்தில் நடப்பதுபோல, கடலைப் பார்த்து நகரத் தொடங்கியது.

பனி ஒரு ஓரத்தில் விலகி, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. ரஞ்சித் கடைசிக் கழியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே நின்றான். வெகு நேரம் பார்த்தான். பிறகு தண்ணீரில் நடந்து வந்து, படகின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"நீ மட்டும் கம்முனு இருந்திருந்தா, நாளைலருந்து நான் கேட்டாண்ட குந்தி லாரி எழுதிக்கினு இருந்திருப்பேன். எந்தக் கடலும் என்ன தொட்டிருக்காது. அப்புறம் இன்னாத்துக்கு பானு எடுத்துக் குடுத்த?"